சுவரில் வரைந்த ஒற்றை ஊசி

"எந்த வயசிலயும் கத்துண்டே இருக்கணும்" என்று மும்பை செம்பூரில் என்னிடம் ஓவியம் படிக்க வரும் பெண்களுக்கு வாரம் தவறாமல் உபதேசம் செய்கிறவள் நான். சொல்வதற்கென்ன, வாய்க்கு வாடகையா கொடுக்கிறேன்? இதை எழுதும்போதே முகம் சுடுகிறது.

போன வருஷம் தாராவியில் தோல் பை செய்கிற பட்டறை ஒன்றில் சுவரோவியம் வரையக் கூப்பிட்டார்கள். அங்கே இருபது வருஷமாகப் பைகளுக்குக் கைப்பிடி தைக்கும் அம்மாளைத்தான் வரைய வேண்டும் என்றார் முதலாளி. அந்த அம்மாள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மகளைக் கல்யாண் நகரில் கட்டிக்கொடுத்திருந்தார். "தோலு வேலைக்காரி" என்று சம்பந்தியம்மாள் நாலு பேர் முன்னால் இளக்காரமாகப் பேசுவாராம். "ஞாயித்துக்கெழம அவியள வரச் சொல்லிருக்கேன் டீச்சர். வந்து பாக்கட்டும்" என்றார்.

முகம் அச்சு அசலாக வந்தது. கைக்கு வரும்போது எனக்கு அவசரம். மாட்டுங்காவில் வேறு வகுப்பு. யாரோ துணி தைக்கிற படம் ஒன்றை ஃபோனில் தேடி எடுத்து, ஒற்றை ஊசி பிடித்த அந்தக் கையை இந்த உடம்பில் ஒட்டினேன். மூன்றடி தள்ளி அந்த மனுஷி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறார்!

வெள்ளிக்கிழமை அவரே எழுந்து வந்து பார்த்தார். "டீச்சர், தோலுக்கு ரெண்டு ஊசில்லா. ஒரே நூலு, ரெண்டு முனையிலயும் ஊசி. ரெண்டும் ஒரே ஓட்டைக்குள்ள எதிரும் புதிருமா போவும். இங்கன வாங்க, காட்டுதேன்."

"பரவாயில்லம்மா, தூரத்துலேர்ந்து பாக்கறவாளுக்கு அதெல்லாம் தெரியாது. இது ஆர்ட்" என்றேன். என்ன ஒரு திமிர்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் பட்டறையே சிரித்துக்கொண்டிருந்தது. "என்னக்கா, பிளவுஸுக்கு ஹூக்கு வைக்கியளா?" என்று அந்த அம்மாளைக் கேட்டான் ஒருவன். "அரே, நம்ம சட்டைக்கும் ஒரு பட்டன் தெச்சுக் குடுங்க" என்றான் இன்னொருவன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டார்.

"என் மூஞ்சிய அழிச்சிருங்க டீச்சர். நாளைக்குச் சம்பந்தி முன்னாலயும் இவனுவ இப்படித்தான் சிரிப்பானுவ."

"சாயங்காலத்துக்குள்ள கையை மாத்தி வரைஞ்சுடறேம்மா" என்று கெஞ்சினேன்.

"எதப் பாத்து வரைவிய? நீங்க என் கையப் பாக்கவே இல்லியே."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நானே வெள்ளையடித்து அவரைச் சுவரிலிருந்து அழித்தேன். முடியும்வரை பக்கத்தில் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமையும் அங்கே வேலை உண்டு. என் சாமான்களை எடுத்துவரப் போயிருந்தேன். சம்பந்தியம்மாள் பட்டுப்புடவையில் வந்து, வெறும் சுவரைப் பார்த்து, "படம்னு சொன்னீங்க?" என்றார். எனக்கு அங்கேயே உயிர் போய்விட்டது.

"படம் கெடக்கு, இங்கன இருங்க" என்று ஒரு ஸ்டூலைப் போட்டார் அந்த அம்மாள். கைப்பிடியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு தைக்கத் தொடங்கினார். இரண்டு ஊசியும் ஒரே ஓட்டைக்குள் மாறிப் போயின. இரண்டு கையும் அகல விரிந்து நூலை இறுக்கின. ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் மயிரிழை வித்தியாசமில்லை. சம்பந்தியம்மாள் பேச்சை விட்டுவிட்டு, குனிந்து பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னால், பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு, நானும் எட்டிப் பார்த்தேன். பத்து நாள் அவரை வரைந்த நான் அந்தக் கைகளைப் பார்த்தது அன்றுதான்.