யார் கால் வைத்தது?

சென்ற வாரம் வேங்கிக்காலில் ஒரு குழியின் ஓரத்தில் நின்றிருந்தேன். புதிதாகத் தோண்டிய மண்ணில் லாரித் தண்ணீர் பட்டதும் ஒரு வாசனை எழுந்தது. எவ்வளவு கோபமாக இருந்தாலும் அந்த வாசனை என்னைக் கொஞ்சம் இளக்கிவிடும். அன்றைக்கு இளக்கவில்லை.

ஆனி மாதம், வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. (கிழமையும் மணியும் இல்லாமல் எனக்கு எதையும் சொல்ல வராது. வீட்டில் எனக்குப் பஞ்சாங்கம் என்றே பெயர். பொறுத்துக்கொள்ளுங்கள்.) புது வீடுகளுக்கு நடுவே பந்தல் போட்டிருந்தார்கள். பதாகையில் 'மெகா பிளாண்டேஷன்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தது. பளபளக்கும் ஷூ அணிந்த பிரமுகர் ஒருவர் செடியைக் குழிக்குள் வைத்தார். படம் எடுத்தார்கள். உடனே செடியை வெளியே எடுத்து அடுத்தவர் கையில் கொடுத்தார்கள். அவரும் வைத்தார். அதே குழி, அதே செடி. மூன்றாவது ஆள் குனிந்தபோதுதான் கவனித்தேன். வேரைச் சுற்றிக் கறுப்பு பாலிதீன் பை அப்படியே இருந்தது.

ஏற்பாட்டுக்காரர் ஒருவரைப் பிடித்துக் கேட்டேன்.

"கவரைக் கிழிக்கலையாங்க?"

"கிழிச்சா மண்ணு கொட்டிடும் சார். செடி சாஞ்சிடும், போட்டோ நல்லா வராது."

"அப்புறமாவது கிழிப்பீங்களா?"

"அது கான்ட்ராக்ட்காரங்க பாத்துக்குவாங்க."

"இந்தச் செடிக்கு யாருங்க பொறுப்பு?"

"நாம எல்லாரும்தான் சார்!" பதாகையின் அடியில் இருந்த வாசகத்தையே எனக்குத் திருப்பிச் சொன்னார்.

நான் வேடிக்கை பார்க்கப் போனவன் அல்ல. அடி அண்ணாமலையில் இருக்கும் என் சாந்தா அக்கா அனுப்பித்தான் போனேன். அவள் வீட்டு வாசலில், கிரிவலப் பாதையை ஒட்டி நின்ற புங்கமரத்தைப் பங்குனியில் வெட்டிவிட்டார்கள். பாதையை அகலமாக்கிக் கல் பதிக்க வேண்டுமாம். ஈடாகப் பத்துச் செடி நடுவதாக வாக்குக் கொடுத்தார்கள். "ஒழுங்கா நடறாங்களான்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்து சொல்றா" என்றாள்.

அந்தப் புங்கன் செடியை நட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்கா கல்யாணமாகிப் போன வருஷத்து ஆவணி. முதல் நாள் நல்ல மழை. அவள் புகுந்த தெருவில் ஒரு வழக்கம் உண்டு. குழியை யார் வேண்டுமானாலும் தோண்டலாம். ஆனால் மண்ணைத் தள்ளியபின் வெறுங்காலால் செடியைச் சுற்றி மிதித்து இறுக்குவது ஒரே ஆள்தான். கால் வைத்தவர்தான் கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆடு கடித்தாலும், செடி பட்டுப்போனாலும் தெருவே அவரிடம்தான் வந்து கேட்கும்.

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலைத் தூக்கினார்.

"நீ தள்ளு. நீ வெச்சா ரெண்டு நாளு ஊத்துவ, அப்புறம் மழை வரும்னு வானத்தப் பாப்ப" என்றாள் அக்கா.

"அப்ப உன் தம்பி வெக்கட்டும்."

"அவன் வெச்சா மரம் இங்கிலீஷ்ல பூக்கும்!"

கடைசியில் அவளே கால் வைத்தாள். மெட்டி புதிது, சேறு அப்பிக்கொண்டது.

அவள் அப்படிக் கேலி செய்ததற்குக் காரணம் இருந்தது. தேரடித் தெருவில் ஓர் அச்சகத்தில் அப்போது பிழை திருத்திக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகைகளும் நோட்டீசும்தான் வேலை. ஆனால் என்னவோ பெரிய பண்டிதன் மாதிரி, பழைய பேப்பர் கடையில் வாங்கிய அட்டையில்லாத ஆங்கில அகராதியைச் சாப்பிடும்போதுகூடப் பிரித்து வைத்திருப்பேன். அதில் ரசக்கறை படாத பக்கம் குறைவு. செடி நட்ட மறுவாரம் 'பிளாண்ட்' என்ற சொல்லைத் தேடினேன். லத்தீனில் 'பிளாண்டா' என்றால் உள்ளங்கால் என்று போட்டிருந்தது. நாற்றுக்கும் அதே சொல். மண்ணைக் காலால் மிதித்து நாற்றை ஊன்றியதால் அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள்; உறுதியாகச் சொல்ல ஆளில்லை. அன்று சாயங்காலமே சைக்கிளை மிதித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"பரவால்லயே, அவங்க ஊர்லயும் கால் வெச்சாதான் செடியா?" என்று சிரித்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தச் சொல் பிறகு எங்கெல்லாமோ அலைந்திருக்கிறது. இயந்திரங்களை ஊன்றிய தொழிற்சாலைக்கும் அதே பெயர். அடுத்தவன் நாட்டில் குடியேறி ஆட்களை ஊன்றியதற்கும் அதே பெயர். ஒருவன் வீட்டில் பொய்த் தடயத்தை ஒளித்து வைத்தாலும் 'பிளாண்ட்' செய்தான் என்கிறார்கள். வேங்கிக்காலில் அன்று நடந்தது இந்தக் கடைசி வகை என்றுதான் நான் சொல்வேன். செடியை நட்டதற்குப் பொய்த் தடயம் தயாரித்தார்கள், சாட்சிக்குப் புகைப்படம்.

மரம் வெட்டிய அன்றும் நான் அக்காவோடு நின்றேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி எத்தனையோ பேர் அந்த நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, அக்கா வைத்த பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ரம்பம் ஓடியபோது வெட்ட வந்தவர்களில் ஒருவர் ஆறுதல் சொன்னார்.

"ஒண்ணுக்குப் பத்தா வெக்கிறோம்மா."

"எங்க வெப்பீங்க?"

"வேங்கிக்கால்ல."

"நெழல அங்கேருந்து இங்க பஸ்ஸுல அனுப்புவீங்களா?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பந்தலில் ஆட்கள் கலைந்ததும் குழிகளைச் சுற்றி வந்தேன். பத்துச் செடியும் பையோடுதான் நின்றன. ஒன்றைக் கிழிக்கக் கை வைத்தேன். "சார், சார்! கணக்கு பாத்து வெச்சது, தொடாதீங்க" என்று ஒருவர் ஓடிவந்து என்னை வெளியே அனுப்பினார். வேருக்குச் சுருக்குப் போட்டவர்களை விட்டுவிட்டு அதை அவிழ்க்கப் போனவனைத் துரத்துகிறார்கள்.

நேராக அடி அண்ணாமலைக்கு பஸ் ஏறினேன். அக்கா வாசலிலேயே இருந்தாள். மாமா போய்ச் சேர்ந்தபின் அவள் மரத்தடியில்தான் பகலைக் கழித்தாள். இப்போது சுவரோரம் கிடைக்கிற அரையடி நிழலில் ஒண்டியிருந்தாள். தண்ணீர்ப் பானை வீட்டுக்குள் போயிருந்தது.

"நட்டாங்களா?"

"நட்டாங்க."

"யார்ரா கால் வெச்சது?"

"யாரும் வெக்கலக்கா. எல்லாரும் ஷூ போட்டிருந்தாங்க."

"அப்ப பட்டுப்போனா யாரப் போயி கேக்கறது?"

செருப்பைக் கழற்றிவிட்டு மரம் நின்ற இடத்துக்குப் போனேன். மண் ஒரு பிடிகூட வெளியே தெரியவில்லை. சிவப்பும் சாம்பலுமாகக் கல் பதித்திருந்தார்கள். வெறுங்காலோடு மலையைச் சுற்றி வந்த ஒரு குடும்பம், வெயிலில் கல் கொதித்த அந்த இடத்தை மட்டும் குதித்துக் குதித்துக் கடந்தது. நான் உள்ளங்காலை அழுத்தி ஊன்றப் பார்த்தேன்.

வைக்க முடியவில்லை.