என் கிணறும் சவரிமுத்துவின் குழாயும்

தலைவலி தொடங்கிய காலையில் நான் கிணற்று மேடையில் உட்கார்ந்து எதிரே குழாயடியில் நின்ற வாளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது. என் கிணற்றடியில் இருபத்திரண்டு. மூன்று வாளி கூடுதல் என்ற குஷியில் தலைவலியை மதிக்கவில்லை. நெற்றிப்பொட்டில் யாரோ வேலிக்கு முளை அடிப்பதுபோல் இருந்தது. வெயிலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

டைபாய்டு (அசுத்தமான தண்ணீரால் குடலில் வரும் விஷக்காய்ச்சல்) வந்து படுத்திருப்பவருக்கும், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வைத்தியம் எனக்குத் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரிந்தது பொறாமை. என் விஷயத்தில் இரண்டும் ஒரே வாளியில்தான் வந்தன.

மலாயாவில் அவசரகாலம் (கம்யூனிஸ்டுகளை எதிர்த்து வெள்ளைக்கார அரசாங்கம் நடத்திய சண்டைக்காலம்) நடந்துகொண்டிருந்தது. பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், அங்கங்கே சிதறிக் கிடந்த லயங்களை (தொழிலாளர் வீட்டு வரிசைகளை) பிரித்து எல்லாரையும் ஒரே இடத்தில் குடிவைத்து, சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்பதற்காக. அரிசி நின்றதா என்று எனக்குத் தெரியாது. கக்கூஸ் கிணற்றுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வேலிக்குள் இருந்த இடம் அவ்வளவுதான். குழியை வேறெங்கே தோண்டுவது?

கிணற்றுக்குப் பொறுப்பு நான். ஆஸ்பத்திரி டிரெசர் ஐயா (தோட்டத்தில் டாக்டர் வேலையையும் சேர்த்துப் பார்ப்பவர்) ஒரு தகர டின்னில் வெள்ளைத் தூளைக் கொடுத்தார். கிருமியைக் கொல்லும் குளோரின் தூள்.

"தினம் சாயங்காலம் வாளியில கரைச்சுக் கெணத்துல எறக்கணும். கக்கூஸ் கிட்டக்க இருக்கு. ஒரு நாளும் தவறக் கூடாது, புரியுதா?"

"புரியுதுங்க ஐயா," என்றேன். புரியத்தான் செய்தது. அதுதான் என் கேஸை மோசமாக்குகிறது.

அதே மாதத்தில் வேலிக்குள் இன்னொரு தண்ணீரும் வந்தது. ஆற்றிலிருந்து பம்பில் ஏற்றி, மணலில் வடித்து, உயரமான தொட்டியில் நிறுத்தி, குழாயில் விடுகிற தண்ணீர். அதைப் பார்த்துக்கொள்ள வேறு டிவிஷனிலிருந்து வந்தவன் சவரிமுத்து. என்னைவிட எட்டு வயது சின்னவன். மாதா கோயிலில் பாடுகிற குரல். திருகினால் தண்ணீர் வரும் வேலை அவனுக்கு. கயிறு இழுத்துக் கை காய்க்கும் வேலை எனக்கு. அவனும் தொட்டியில் தூள் போட்டான். ஆனால் தொட்டியில் நின்று நின்று வாடை போய்விடும். என் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் மருந்து மணக்கும்.

ஒரே வாரத்தில் என் கிணற்றடி காலியானது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஒரு நாள் அந்த வரிசையில் என் மனைவி லெட்சுமி இடுப்பில் குடத்தோடு நின்றாள். சவரிமுத்து ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். நானும் லயத்தில் தமாஷுக்குப் பேர்போனவன்தான். வீட்டில் என் தமாஷுக்கு அவள் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"அப்படி என்ன சொன்னான்?"

"தண்ணிதாங்க பிடிச்சேன். சிரிப்பு அதோட சேர்ந்து வந்துச்சு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு பானை. ஒன்று அவளுடைய குழாய்த் தண்ணீர். மற்றது என் கிணற்றுத் தண்ணீர். அதை நான் மட்டும்தான் குடித்தேன். விருந்தாளி வந்தால் எந்தப் பானை என்பதில் ஒரு சின்ன யுத்தமே நடக்கும்.

பிறகுதான் எனக்குக் குறுக்கு மூளை வேலை செய்தது. தூளைப் பாதியாகக் குறைத்தேன். வாடை குறைந்தது, நாலு பேர் திரும்பி வந்தார்கள். முழுக்க நிறுத்தினேன். "அண்ணே, ஒங்க தண்ணி இப்ப எளநி மாதிரி இருக்குலா," என்று எங்களை வேலை வாங்கும் மண்டோரே சொன்னார். டின் காலியாகாவிட்டால் டிரெசர் கண்டுபிடித்துவிடுவாரே என்று, மிச்சத் தூளில் என் வேட்டியை வெளுத்தேன். அந்த மாதம் தோட்டத்திலேயே வெள்ளைவெளேரென்ற வேட்டி என்னுடையதுதான்.

தலைவலி வந்தது அதற்குப் பிறகு.

இந்தக் காய்ச்சல் தடாலென்று அடிக்காது. படிப்படியாக ஏறும். முதல் நாள் உடம்பு கனம். மறுநாள் கொஞ்சம் சூடு. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். நாக்கில் வெள்ளை படியும். வயிறு உப்பும், மலம் கட்டும். எழுந்து நடமாடிக்கொண்டே இருக்கலாம் என்பதால் பலர் முதல் வாரத்தை வீணாக்கிவிடுவார்கள். நானும் வீணாக்கினேன், வாளி எண்ணிக்கொண்டு.

ஆறாம் நாள் கிணற்று மேடையிலேயே சரிந்தேன். ஆஸ்பத்திரி லோரியில் ஏற்றினார்கள். வேலி வாசலில் நிறுத்தி, என் பாயை உதறி, தலையணையைக் குத்தி, மடியைத் தடவிப் பார்த்தார்கள். அரிசி எதுவும் இல்லை. வேலிக்கு உள்ளே இருந்து நான் வெளியே கடத்திய சரக்கு என் வயிற்றில் இருந்தது. அதை யாரும் தேடவில்லை.

ஆஸ்பத்திரி என்பது நாலைந்து தோட்டங்களுக்குப் பொதுவான ஒரு நீளக் கொட்டகை. டிரெசர் ஐயா வயிற்றை அழுத்திப் பார்த்தார். நெஞ்சில் இருந்த இளஞ்சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தார். ரத்தம் எடுத்து அனுப்பினார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"நீ குடிக்கிறது எந்தத் தண்ணி?"

காய்ச்சல் நூற்று மூன்று. ஆனாலும் என் புத்தி அந்த நேரத்தில் தெளிவாகத்தான் இருந்தது. காய்ச்சல் வேகத்தில் உளறினேன் என்று இத்தனை வருஷம் சொல்லிப் பார்த்தேன். இங்கே சொல்ல மனமில்லை.

"குழாய்த் தண்ணிங்க ஐயா. வீட்டுல அவ அங்கதான் பிடிக்கிறா."

"கெணத்துல தூளு?"

"தினமும் போடுறேங்க."

அவர் எழுதிக்கொண்டு போனார். நான் கண்ணை மூடிச் சவரிமுத்துவின் தொட்டி காய்வதைக் கற்பனை செய்தேன். மாத்திரையை விட அது இதமாக இருந்தது.

மாத்திரை பற்றிச் சொல்ல வேண்டும். குளோரம்பெனிகால் (டைபாய்டு கிருமியை நேராகத் தாக்கும் மருந்து) அப்போது புதிது. அதற்கு முன் இந்தக் காய்ச்சலுக்குக் காத்திருப்பதுதான் வைத்தியம். வேளை தவறாமல் விழுங்க வேண்டும். சாப்பாடு கஞ்சித் தண்ணீரும் பார்லியும் மட்டும். குடலில் புண் இருக்கும்போது கெட்டியாக எதையாவது தின்றால் அங்கே ஓட்டை விழுந்து உயிர் போகும். எதிர்க்கட்டிலில் கால் உடைந்த ஒருவர் ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்றார். காலை உடைத்துக்கொள்ளாமல் போனோமே என்று அவர்மேலும் பொறாமைப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லெட்சுமி வேலியைத் தாண்டப் பாஸ் வாங்கிக்கொண்டு லோரியில் வந்தாள். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நீங்க எப்பங்க குழாய்த் தண்ணி குடிச்சீங்க?"

நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன்.

"தொட்டிய மூடிட்டாங்க. நாலு நாளாச்சு. சுத்தம் பண்ணி மறுபடி பார்க்கற வரைக்கும் யாரும் தொடக் கூடாதாம். எல்லாரும் ஒங்க கெணத்துலதான் எறைக்கிறோம்."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். நானும்."

இதைப் படிக்கிறவர்கள் என்னை மன்னிக்க வேண்டாம். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். கடைசியில் என் தண்ணீரைக் குடிக்கிறாள். ஒரு முழு மூச்சு நேரம் அந்தச் சந்தோஷம் இருந்தது. அதன் பிறகுதான் நான் தூள் போடாமல் விட்டது ஞாபகம் வந்தது.

"தூளு யாரு போடுறா?"

"போட்டுக்கிட்டுத்தான் இருக்கு, சவரிமுத்து பார்த்துக்கிறாரு. ஆனா அந்த மொத ரெண்டு நாளு யாரும் போடல. அண்ணன் போட்டு வச்ச தூளு இருக்கும், நம்பிக் குடிங்கன்னு அவரே எல்லாருக்கும் முன்னாடி ஒரு செம்பு மொண்டு குடிச்சாரு."

நான் எழுந்து உட்காரப் பார்த்தேன். முடியவில்லை. "டிரெசரக் கூப்பிடு," என்றேன்.

அவர் வந்தார். நான் சொன்னேன். தூளை நிறுத்தியதை, பொய்யை, வேட்டியைக்கூட. லெட்சுமி கட்டிலின் கால்மாட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். நான் வேறு எப்போதும் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை.

டிரெசர் ஐயா திட்டவில்லை. "எத்தன நாளு நிறுத்தின?" என்று மட்டும் கேட்டு, குறித்துக்கொண்டு, டெலிபோன் இருந்த அறைக்கு வேகமாக நடந்தார். அன்றே கிணற்றை மூடினார்கள். தொட்டியைத் திறந்தார்கள். குடிப்பதையெல்லாம் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்கள்.

"நீ குடிச்சியா, பச்சையா?" என்று லெட்சுமியிடம் கேட்டேன்.

"ஒங்க தண்ணிய நான் எப்பங்க பச்சையாக் குடிச்சேன்," என்றாள். "காய்ச்சித்தான்." அவள் உயிர் பிழைத்ததற்கும் என் தண்ணீர்மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லாததற்கும் நான் ஒரே நேரத்தில் நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

பச்சையாகக் குடித்தவர்களில் நாலு பேர் வந்தார்கள். நாலாவது ஆள், பத்து நாள் கழித்து, சவரிமுத்து. காலியாக இருந்தது என் பக்கத்துக் கட்டில்தான்.

முதல் இரண்டு நாள் அவன் பேசவில்லை. விஷயம் அவனுக்குத் தெரியும், தோட்டத்துக்கே தெரியும். மூன்றாம் நாள் மத்தியானம் நான்தான் வாயைத் திறந்தேன்.

"தம்பி, தப்பு எம்மேலதான்."

"தெரியும்ணே."

"ஏன் செஞ்சேன்னு கேக்க மாட்டியா?"

"ஒங்க கெணத்தப் பார்த்து எனக்கும் பொறாமைதாண்ணே. பொம்பளைங்க அங்க நின்னு ஒங்ககிட்ட மணிக்கணக்காப் பேசுவாங்க. எங்கிட்ட வந்தா தண்ணி பிடிச்சிட்டுப் போயிடுவாங்க." பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். "ஆனா நான் யாரு தண்ணியிலயும் கை வைக்கல."



மாத்திரை தொடங்கிய நாலாம் நாள் அவன் காய்ச்சல் இறங்கியது. எனக்கு ஆறு நாள் ஆயிற்று. அவன் தலைமுடி கொட்டவில்லை. எனக்கு வழுக்கை விழுந்தது. ஆமாம், அதற்கும் பொறாமைப்பட்டேன். யாரும் சாகவில்லை. புது மாத்திரையின் தயவு அது. என் புண்ணியம் எதுவும் அதில் சேரவில்லை.

குணமாகி வீட்டுக்கு அனுப்பும்போது டிரெசர் ஐயா ஒரு சேதி சொன்னார். காய்ச்சல் விட்ட பிறகும் சிலருடைய மலத்தில் கிருமி மாதக்கணக்கில் வந்துகொண்டிருக்குமாம். நோய்ச்சுமப்பாளி (நோய் தெரியாமல் பிறருக்குக் கொடுப்பவர்) என்று பெயர். சவரிமுத்துவிடம் இல்லை. என்னிடம் இருந்தது.

தண்ணீர் வேலை போய்விட்டது. தவரணையில் (ரப்பர் நாற்றுப் பண்ணையில்) புல் வெட்டப் போட்டார்கள். சின்ன டப்பாவில் மாதிரி எடுத்து அனுப்புவதும் முடிவுக்குக் காத்திருப்பதுமாக நாட்கள் போயின. சம்பள நாள், தீபாவளி எதுவும் நினைவில் இல்லை. டப்பாவிலிருந்து டப்பாவுக்குத்தான் காலம் நகர்ந்தது. உடம்பு தேறிவிட்டது, பசித்தது, கறுத்துத் தடித்தேன். ஆனால் வீட்டில் எந்தப் பாத்திரத்தையும் இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்கக் கூடாது. சாதாரணமாக ஒரு செம்பை நீட்டுகிற மனிதர்களை அப்போது நான் பார்த்த பார்வையை வார்த்தையில் எழுத வராது.

உங்களுக்கு இப்படிச் சொன்னால் வெட்கப்படாதீர்கள். கழுவுங்கள், சோப்புப் போட்டு. சொன்ன தேதிக்கு மாதிரி கொடுங்கள். எந்தத் தண்ணீர் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். இவ்வளவுதான் என் வைத்தியம்.

ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மாதிரி சுத்தம் என்று வந்த நாளில், லெட்சுமி ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடிந்து வெயிலில் வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். நான் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி அவளிடம் நீட்டினேன்.

வாங்கினாள். உதட்டருகே கொண்டுபோனாள். அங்கே நிறுத்தினாள். ஒரு நொடி இருக்கும். பிறகு கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

சவரிமுத்து நீட்டியிருந்தால் அந்த நொடி இருந்திருக்காது.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், எத்தனையோ டம்ளர் கொடுத்திருக்கிறேன். அவள் மறுபடி அப்படி நிறுத்தியதில்லை. நான்தான் ஒவ்வொரு தடவையும் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.