தரகர் அக்காவும் பேசும் படங்களும்

இன்ஷூரன்ஸ் ஆபீசின் கணினிப் பிரிவில் அவருக்குத் தரகர் அக்கா என்று பெயர். கல்யாணத் தரகு இல்லை. நல்ல காரியத்துக்கென்று மென்பொருள் எழுதி, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்திருப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை. இன்னொரு பக்கம், "ஏதாவது உதவி செய்யணும், எங்க போறதுன்னு தெரியலை" என்று தவிக்கும் கணினிக்காரர்கள். இவர்களை அவர்களோடு சேர்த்துவைப்பார் அக்கா. சம்பளமில்லாத இந்த வேலையை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பல வருடங்களாகச் செய்துவந்தார்.

சேர்த்துவைத்ததில் முக்கால்வாசி ஒரு மாதம் தாங்காது. வருகிறவர்கள் முதல் வாரம் சோறு தண்ணீர் இல்லாமல் எழுதுவார்கள். அப்புறம் பரீட்சை என்பார்கள், கல்யாணம் என்பார்கள், அப்புறம் ஆளையே காணோம். "உன் கணக்குல நிலைச்சது நம்ம ஜோடி மட்டும்தான்" என்பார் அவர் கணவர். அதற்குச் சிரிக்கக்கூட அக்காவுக்கு இப்போதெல்லாம் தெம்பு இருப்பதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை வங்கி ஊழியர் ஒருவர் போன் செய்தார். பேச்சு வராத தன் தங்கைக்காக அவர் ஒரு செயலி எழுதியிருந்தார். படத்தைத் தொட்டால் கைப்பேசி அந்தச் சொல்லைப் பேசும். இப்போது அதை எத்தனையோ வீடுகளில் பயன்படுத்துகிறார்கள். அக்கா அவரிடம் ஏழெட்டுப் பேரை அனுப்பியிருந்தார்.

"அக்கா, இனிமே யாரையும் அனுப்பாதீங்க. இதை மூடிடலாம்னு இருக்கேன்."

"ஏம்ப்பா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. முடியலை, அவ்வளவுதான்."

மறுநாள் அக்கா பஸ் மாறிப் பஸ் ஏறி அவர் வீட்டுக்கே போனார்.

மூன்றாவது மாடியில் சின்ன வீடு. மடிக்காத துணி குவிந்த கட்டிலை ஒட்டிக் கணினி. அவர் திரையை அக்கா பக்கம் திருப்பினார். பதில் போடாத மெயில்கள் கீழே கீழே ஓடிக்கொண்டே இருந்தன. புதுப் போன் வாங்கியதிலிருந்து குரல் வரவில்லை, மகன் அழுதுகொண்டே இருக்கிறான் என்று ஒரு தாய் எழுதியிருந்தார்.

"நீங்க அனுப்பினவங்க நல்லவங்கதான்க்கா. ஒருத்தர் கலரை மாத்தினார். ஒருத்தர் புதுசா என்னமோ சேர்த்துட்டுப் போயிட்டார், அதைச் சரிபண்றதுக்குள்ள எனக்கு நாக்குத் தள்ளிடுச்சு. இந்த அம்மாவுக்கு யாரும் பதில் போடலை. நானும் போடலை."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தங்கை, மடியிலிருந்த கைப்பேசியில் இரண்டு படங்களைத் தொட்டாள். "அண்ணன். தூக்கம்" என்றது கைப்பேசி. அண்ணன் திரும்பவில்லை. அவள் மறுபடி தொட்டாள்.

அக்கா அந்தத் தாயின் மெயிலை இன்னொரு முறை படித்தார். பிறகு, "உனக்கு எப்படிப்பட்ட ஆள் வேணும்னு நான் கேட்டதே இல்லையேப்பா" என்றார்.

"புரோகிராம் எழுத ஆள் வேண்டாம்க்கா. பதில் சொல்ல ஒரு ஆள் போதும்."

திரும்பும் வழியில் அக்காவுக்கு ஓர் அம்மாள் ஞாபகம் வந்தார். டெலிபோன் கம்பெனியில் புகார் கேட்கும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். புரோகிராம் எழுதத் தெரியாது, வேறு வேலை இருந்தால் செய்கிறேன் என்று எப்போதோ எழுதியிருந்தார். அக்கா பார்க்கலாம் என்று பதில் போட்டதோடு சரி. பஸ்ஸிலிருந்தே அவரைப் போனில் கூப்பிட்டு, மெயில்களுக்குப் பதில் சொல்லும் வேலை என்றார்.

"திட்டுவாங்களா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"சில பேர் திட்டுவாங்க."

"பரவாயில்லைம்மா. திட்டு வாங்கித்தான் பென்ஷன் வரைக்கும் வந்திருக்கேன்."

அந்த அம்மாள் மெயில்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் எழுதினார். பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்தான். உண்மையான கோளாறுகளை மட்டும் பிரித்து, வாரத்துக்கு ஒன்றாக வங்கி ஊழியருக்கு அனுப்பினார். வங்கிக்காரர் முதலில் குரல் வராத கோளாறைச் சரிசெய்தார். செயலியை மூடவில்லை. "இந்த வருஷம் ஓட்டிப் பார்க்கறேன்க்கா" என்றார்.

அதன் பிறகு அக்கா, ஆள் அனுப்புவதற்கு முன்னால் மென்பொருள்காரர்களிடம் "உங்களுக்கு எது பாரமா இருக்கு?" என்று எழுதிக் கேட்கிறார். பலர் பதிலே போடுவதில்லை. சேர்த்துவைப்பதும் குறைந்துவிட்டது.

"இவ்வளவு அலுப்பா இருந்தா விட்டுடேன்" என்றார் கணவர் ஒரு நாள்.

"விட்டுடணும்தான்" என்று அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். மறுநாள் மத்தியானம் ஓர் இலவச மருத்துவமனையின் மென்பொருள்காரர்களிடமிருந்து பதில் வந்திருந்தது. மொழிபெயர்க்க ஆள் வேண்டுமாம். அக்கா பெருமூச்சு விட்டுவிட்டு, யாரைக் கேட்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தார்.