வெயில் இருக்கு, கரண்ட் இல்ல

ரோஜாவுக்கு எதையும் அரைகுறையா செய்யத் தெரியாது. நம்பினா முழுசா நம்புவா, பயந்தாலும் முழுசா பயப்படுவா. மாடியில சோலார் போட்டப்ப அவ வெச்ச நம்பிக்கை இருக்கே, அதுல பாதி கட்டின புருஷன் மேல வெச்சிருந்தா பிரான்சிஸ் இந்நேரம் ராஜா மாதிரி இருந்திருப்பான்.

பிரம்மதேசம் பக்கத்துல, ரோட்டை ஒட்டின தெரு. வீட்டு நடுக்கூடத்துல குஞ்சு பொரிக்கிற மெஷின் வெச்சிருக்கா ரோஜா. தெருப் பொம்பளைங்க நாட்டுக்கோழி முட்டையைக் கொண்டாந்து குடுப்பாங்க, இவ பொரிச்சுக் குடுப்பா. சொந்த முட்டையும் வெச்சு, திண்டிவனத்துல ஒரு பண்ணைக்குக் குஞ்சு அனுப்புவா. ராத்திரி பகலா சூடு இருந்துக்கினே இருக்கணும். கரண்ட் பில்லைப் பார்த்தா இவளுக்கே உடம்பு சுடும். அதுக்குத்தான் சோலார்.

போடறதுன்னா சும்மாவா? மல்லாட்டைக் கடலை காயப்போட மாடியில எடமில்லாம போச்சு. ரோட்டுப் புழுதி படியப் படிய தண்ணி தூக்கினு போய்க் கழுவணும். ஆனா பில்லு நல்லாவே எறங்குச்சு, அதை இல்லைன்னு சொன்னா நாக்கு அழுகிடும்.

சோலார் மாட்ட வந்த அன்புச்செல்வன், “இனிமே உங்களுக்குக் கரண்ட் பிரச்சனையே இருக்காதுக்கா”ன்னான். அவன் சொன்னது பில்லை. நம்ம ஊருல கரண்ட் பிரச்சனைன்னா என்ன? கரண்ட் போறதுதானே! ரோஜா அப்படித்தான் எடுத்துக்கினா. வீட்டுல இருந்த பழைய இன்வெர்ட்டரைப் பேட்டரியோட கெடாருல இருக்கிற நாத்தனார் வீட்டுக்குத் தூக்கிக் குடுத்துட்டா. “சூரியனே நம்ம வீட்டுல வேலைக்கு இருக்கான், இது எதுக்கு எடத்தை அடைச்சுக்கினு?”ன்னா. வாய் கொழுப்பு, வேற என்ன?

கார்த்திகையில புயல் வந்துது. சாயங்காலம் கரண்ட் போச்சு. ரோஜா மெஷின் மேல கம்பளியைப் போட்டு மூடிட்டு, விடியட்டும், வெயில் வந்தா சோலார் ஓடும்னு ஜபமாலையை உருட்டிக்கினு உட்கார்ந்திருந்தா. விடிஞ்சுது. மழை விட்டு சுள்ளுனு வெயிலும் அடிச்சுது. மெஷின் மட்டும் செத்த பொணமா கெடந்துது.

மாடிக்கு ஓடினா. பேனலைப் பொடவைத் தலைப்பால தொடைச்சா. கீழ ஓடியாந்து சுவிட்சைத் தட்டினா. ஒண்ணும் நடக்கல. அன்புச்செல்வனுக்குப் போன் போட்டா.

“அக்கா, லைன்ல கரண்ட் இருந்தாதான் இதுவும் ஓடும். இல்லைன்னா தானா நின்னுடும். உங்க சோலார்லருந்து லைனுக்குப் போற கரண்ட்டு, கம்பத்துல ஏறி வேலை செய்றவங்களை அடிச்சுடக் கூடாதில்ல? பேட்டரி வெச்சது வேற மாடலுக்கா.”

“இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாடா?”

“நீங்க கேக்கலையேக்கா.”

ரோஜா போனை வெச்சுட்டு மெஷினைப் பார்த்தா. தன்னோட முட்டை போனா போவுது, தலைவிதி. உள்ள தெருக்கோடிக் கெழவி சவுரியம்மா முட்டை இருக்கே! வெள்ளைக் கழிச்சல் வந்து சவுரியம்மாவோட கோழி மொத்தமும் ஒரே வாரத்துல செத்துப் போச்சு. சாவுறதுக்கு முன்ன இட்ட முட்டைதான் மிச்சம். கோழி வித்துத்தான் அந்தக் கெழவி கஞ்சி குடிக்கிறா. ஒவ்வொரு முட்டையிலயும் பென்சில்ல சின்னதா சிலுவை போட்டுக் குடுத்துட்டு, “என் வம்சமே உன் பொட்டியிலதான்டி இருக்குது”ன்னு சொல்லிட்டுப் போனவ. இன்னும் ரெண்டு மூணு நாளுல பொரியவேண்டிய முட்டைங்க.

“இன்வெர்ட்டரை எடுத்துக்கினு வா, ஜல்தி!”ன்னு பிரான்சிஸை வெரட்டினா. அவன் வண்டியை எடுத்துக்கினு கெடாருக்குப் போனான்.

ரோஜா அடைக்கோழி தேடி வீடு வீடா ஏறினா. எங்க இருக்கும்? முன்னெல்லாம் வீட்டுக்கு ஒரு கோழி அடை படுத்துக் கெடக்கும். ரோஜா வீட்டுக்கு மெஷின் வந்ததுலருந்து எவளும் கோழியை அடைக்கு விடறதில்ல. கொக்கொக்குன்னு சிலுத்துக்கினு உட்கார்ந்தாலே தண்ணியில முக்கி எடுத்து அடையைக் கலைச்சுடுவாங்க. அப்பதானே ஜல்தியா மறுபடி முட்டை இடும்! “பொரிக்கத்தான் உன் மெஷின் இருக்குதே”ன்னு அவகிட்டயே சொன்னா ஒருத்தி.

கடைசியில ஊர்த் தெரு அஞ்சம்மா வீட்டுல ஒரு கருங்கோழி. எத்தனை தடவை முக்கினாலும் திரும்பப் போய் வெறுங்கூடையில உட்கார்ந்துக்குமாம்.

“பேஜாரு புடிச்ச கோழிம்மா இது. வேணும்னா வெச்சுப் பாரு”ன்னா அஞ்சம்மா. “ஆனா ஒரு டஜனுக்கு மேல அதால மூட முடியாது.”

ரோஜா வீட்டுக்கு வந்து மெஷினைத் தொறந்தா. நூத்துக்கு மேல முட்டை. பண்ணைக்குத் தர்றேன்னு வாக்கு குடுத்த தன்னோட முட்டை எல்லாம் ஒரு பக்கம், சிலுவை போட்டது பதினொண்ணு ஒரு பக்கம். கை ஒரு நிமிஷம் தன் முட்டை மேலதான் போச்சு. பொய் சொல்லுவானேன், மனுசிதானே! அப்புறம் சிலுவை முட்டைங்களைப் பொறுக்கி, பழைய ஸ்வெட்டர்ல சுத்தி, நெஞ்சோட அணைச்சுக்கினு ஓடினா. கோழி ஒண்ணொண்ணா மூக்கால தள்ளி வயித்துக்கடியில வாங்கிக்கிச்சு.

பிரான்சிஸ் மரம் விழுந்த ரோட்டைச் சுத்திக்கினு சாயங்காலம்தான் வந்தான். இன்வெர்ட்டர் வந்துது. பேட்டரியில உசுரு இல்ல. நாத்தனார் வீட்டுலயும் புயல்தானே! ராத்திரி பூரா லைட்டும் ஃபேனும் போட்டுத் தீர்த்துட்டாங்க. சார்ஜ் ஏத்தலாம்னா கரண்ட் வேணும். ரோஜா சிரிச்சா. சிரிச்சுக்கினே அழுதா.

பாட்டில்ல வெந்நி ஊத்தி மெஷினுக்குள்ள வெச்சா. ஆற ஆற மாத்தினா. தூக்கம் இல்ல, சோறு எறங்கல. ஒரு வீடு விடாம ஜெனரேட்டர் கேட்டு வந்தான் பிரான்சிஸ். எல்லாம் வாடகைக்குப் போயிருந்துது. பகல்ல மட்டும் வெயில் கூசாம அடிச்சுது.

பொரிய வேண்டிய நாள் வந்துது. காலையில சவுரியம்மாவையும் கூட்டிக்கினு அஞ்சம்மா வீட்டுக்குப் போனா.

ரோஜா கோழிக்கடியில கையை விட்டு ஒரு முட்டையை எடுத்துக் காதுல வெச்சா. ஒண்ணும் கேக்கல. இன்னொண்ணை எடுத்தா. மூச்சைப் புடிச்சுக்கினு கேட்டா. உள்ளருந்து மெல்லிசா, கிச் கிச்.

“பெரியம்மா!” கெழவி காதுல வெச்சு அழுத்தினா. “கேக்குதா?”

சவுரியம்மா கண்ணை மூடிக்கினா. “கத்துதுடி”ன்னா. அடுத்ததும் கத்துச்சு. அதுக்கடுத்ததும்.

“உன்னுது எப்படிடி இருக்குது?”ன்னு அப்புறம்தான் கேட்டா.

“எல்லாத்தையும் காதுல வெச்சுப் பார்த்துட்டேன் பெரியம்மா. ஒண்ணுகூடப் பேசல.”

அப்ப அஞ்சம்மா வீட்டு ஃபேன் கடகடன்னு சுத்த ஆரம்பிச்சுது. “கரண்ட் வந்துடுச்சு!”ன்னு தெருவெல்லாம் ஒரே கூச்சல். ரோஜா வீட்டு மாடியில சோலாரும் இந்நேரம் ஜோரா ஓட ஆரம்பிச்சிருக்கும். அவ எழுந்து போகல. கோழி பக்கத்துலயே உட்கார்ந்திருந்தா.