தனக்குத் தானே போதுமென்ற ரை

கோதுமைக்கு ஒன்றுவிட்ட தம்பியான ரை என்கிற பயிருக்குச் சுயமரியாதை கிடையாது என்பது ஸெனோனின் தீர்மானமான கருத்து. கோதுமையைப் பாருங்கள், தன் பூவின் மகரந்தத்தைத் தானே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிறது. குடும்பம் என்றால் அதுதான். ரை அப்படியில்லை. சொந்த மகரந்தம் வந்து விழுந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஜூன் மாதக் காற்றில் பக்கத்து வயலிலிருந்து யார் பெற்ற பொடியோ வந்து சேர்ந்தால் மட்டும் மளமளவென்று மணி பிடிக்கும். இந்தக் கேவலத்தை ஒழிக்கத்தான் போலந்தின் கிழக்கு மூலையில், மணலும் சதுப்புமாகக் கிடக்கும் பயிர் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கடவுள் தன்னை அனுப்பியிருக்கிறார் என்று அவர் நம்பினார். கடவுள் இல்லை என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே வெளியே சொல்லவில்லை.

பிறர் உதவி இல்லாமல் விளைவதுதான் விளைச்சல் என்பது அவருடைய கொள்கை. வெள்ளரிக்காய் ஊறுகாயைத் தானே போட்டுக்கொள்வார்; அடுத்த வீட்டு ஊறுகாயைத் தொடமாட்டார். நிலையத்துக் கூட்டங்களில் மற்றவர்கள் பேசும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். தான் பேசி முடித்ததும் எல்லோரையும் பார்ப்பார். இப்படிப்பட்டவருக்குக் கல்யாணம் எப்படி நடந்தது என்று ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. அவர் மனைவி யாட்விகாவுக்கும் விளங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பூக்கும் முன்பே கதிர்களுக்குக் காகித உறை மாட்டுவதுதான் அவர் வேலை. வெளி மகரந்தம் உள்ளே போகக்கூடாது. சொந்தப் பொடியிலேயே மணி பிடித்தாக வேண்டும். நல்ல காகிதம் கிடைக்காத வருஷங்களில் கசாப்புக் கடையில் கெஞ்சி எண்ணெய்த்தாள் வாங்கி, மாவுப் பசை போட்டு ஒட்டுவார். வயல் முழுக்கத் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு கதிர்கள் நிற்கும். தலைவலிப் பயிர் என்று ஊர்க்காரர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஜூலை கடைசியில் உறையைப் பிரித்தால் உள்ளே வெறும் உமி இருக்கும். அவர் அசரவில்லை. ரைக்குப் பிடிவாதம் என்றால் இவருக்கு அதைவிடப் பிடிவாதம்.

யாட்விகாவின் அப்பாவுக்கு நிலையத்து வேலியை ஒட்டியே வயல். அங்கேயும் ரைதான். மகள் போய்க் கூடமாட வேலை செய்து கொடுத்துவிட்டு வருவாள். வந்தால் ஸெனோன் வீட்டுக்குள் விடமாட்டார். துணியில் அந்நிய மகரந்தம் ஒட்டியிருக்குமாம். கொட்டகையில் உடை மாற்றி, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் கால் வைக்க வேண்டும். அப்படியும் நம்பிக்கை வராமல், பூக்கிற காலம் முடியும்வரை அவர் நிலையத்திலேயே படுத்துக்கொள்வார். ஜூனில் தனக்குப் புருஷன் கிடையாது என்று யாட்விகா ரொட்டிக் கடை வரிசையில் நின்று சாதாரணமாகச் சொல்லுவாள். இதெல்லாம் போதாதென்று, மாமனாரை ரைக்குப் பதிலாக உருளைக்கிழங்கு போடச் சொல்லிக் கேட்டார். நீ வேண்டுமானால் உன் நிலையத்தைத் தூக்கிக்கொண்டு போ என்று அந்த மனுஷன் சொல்லிவிட்டார்.

இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் நடுவில் ஒரு வருஷம், ஓர் உறைக்குள் கதிர் நிறைய மணி இருந்தது. உறை கிழிந்திருக்கும் என்றார்கள். ஸெனோன் அந்த மணிகளை எடுத்துப்போய், சுற்றிலும் காடாக இருந்த ஒரு திட்டில் விதைத்து, மறுபடி உறை போட்டார். மறுபடியும் மணி. சந்தேகமே இல்லை, தன் மகரந்தத்தைத் தானே ஏற்கும் ரை அவர் கைக்கு வந்துவிட்டது. அன்று மாலை தன் ஊறுகாயைத் தானே எடுத்து வைத்து, தன் வோட்காவைத் தானே ஊற்றி, தன் ஆரோக்கியத்துக்காகத் தானே குடித்தார்.

அதற்கப்புறம்தான் பிரச்சினை. ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிடக் குட்டையாக வந்தது. இடுப்பளவு இருந்தது முழங்காலுக்கு இறங்கியது. சில நாற்றுகள் பச்சையே இல்லாமல் பால்வெள்ளையாக முளைத்துச் சில நாளில் செத்தன. வெளி ரத்தமே கலக்காமல் சொந்தத்துக்குள்ளேயே புழங்கினால் ஒளிந்திருந்த கோளாறெல்லாம் வெளியே வரும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஸெனோனும் படித்தவர்தான். அது மற்றவர்களுடைய பயிருக்கு எழுதினது என்று நினைத்துக்கொண்டார். முதலில் மண்ணைத் திட்டினார், பிறகு மழையை, கடைசியில் மாமனாரை.

அந்தச் சமயத்தில் கெர்வாசி வந்தார். ஸெனோனோடு கல்லூரியில் படித்தவர், ஸெனெக் என்றுதான் கூப்பிடுவார். பஸ்ஸில் அரை நாள் தூரத்திலுள்ள இன்னொரு நிலையத்தில் அதே வேலை. அவரிடமும் தற்கருவுறும் ரை ஒன்று இருந்தது. அதுவும் நோஞ்சான்தான். வித்தியாசம், அவர் அதை ஒப்புக்கொண்டார். கண்ணாடி டம்ளரில் தேநீரை வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஸெனெக், உன்னுது குட்டை, என்னுதும் குட்டை. ரெண்டையும் சேர்த்தா ஆள் உயரத்துக்கு வரும். உன்னுது தாயா இருக்கட்டும், என்னுது அப்பனா இருக்கட்டும். பேரு ரெண்டு பேருக்கும்."

"இதுக்கா இத்தன வருஷம் உறை மாட்டினேன்? உன் பொடிய வாங்கி இதுல போடறதுக்கா?"

"ஆமா. இதுக்குத்தான் மாட்டினோம். வேற எதுக்குன்னு நெனச்ச?"

ஸெனோன் தொப்பியை எடுத்து விருந்தாளியின் கையில் கொடுத்தார். தேநீர் பாதி டம்ளர் அப்படியே இருந்தது.

யாட்விகா அதைக் கழுவி வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். விதை ஜாடியில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் என்பது அவளுக்கும் தெரியும்.

"குடுத்துடு, ஸெனெக். உன் கையில செத்துப்போகப் போகுது."

"செத்தாலும் என் கையில சாகட்டும்."

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் அவள் ஜாடியிலிருந்து பாதியை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து, பஸ் ஏறிப் போய்க் கெர்வாசியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். ஒளிக்கவில்லை. வந்ததும் பூட்ஸைக் கழற்றுவதற்கு முன்பே புருஷனிடம் சொன்னாள். அவர் பனி உருகும்வரை அவளோடு பேசவில்லை. அவளுக்கு அது ஜூன் மாதம் கொஞ்சம் நீண்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

மிச்சப் பாதியை ஸெனோன் வசந்தம் வந்ததும் விதைத்துப் பார்த்தார். ரையை இலையுதிர்காலத்தில்தான் விதைக்க வேண்டும், அதுவரை அவருக்குப் பொறுக்க முடியவில்லை. முளைத்தவை கணுக்காலளவு வந்து, பூக்காமலே மஞ்சளாகிப் படுத்துவிட்டன. அவர் வாழ்க்கையில் சம்பாதித்தது அது ஒன்றுதான். அது போய்விட்டது. அன்று அவர் வரப்பிலேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். இதுவரை அவரைக் கிண்டல் செய்துகொண்டு வந்த எனக்கே அந்த இடத்தில் கிண்டல் வரவில்லை.

சில வருஷம் கழித்துக் கெர்வாசியின் நிலையத்தில் வயல் காட்சி. சுற்றுவட்டாரத்து நிலையங்கள் எல்லாவற்றுக்கும் அழைப்பு. யாட்விகா புருஷனுக்குச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள். அவர் போகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே அதைப் போட்டுக்கொண்டு அவளோடு கிளம்பினார். அங்கே கலப்பு ரை தலைக்கு மேல் நின்றது. கதிர் கனத்தில் வளைந்திருந்தது. அதற்கு முன்னால் இந்தப் பக்கம் ஒரு குட்டை வரிசை, அந்தப் பக்கம் ஒரு குட்டை வரிசை, தாயும் தகப்பனும். ஸெனோன் தாய் வரிசையிடம் குனிந்து ஒரு கதிரைத் திருப்பிப் பார்த்தார். தன் கையால் உறை மாட்டிய கதிரை யாருக்குத்தான் தெரியாது?

கெர்வாசி பெரிய மனசுக்காரர். கூட்டத்தை நிறுத்தினார். தாய் வரிசைப் பலகையில் எதுவும் எழுதாமல் வைத்திருந்தார். சாக்பீஸை எடுத்து ஸெனோன் பக்கம் நீட்டினார்.

"இது யாரோடதுன்னு நீயே சொல்லிடு, ஸெனெக்."

எல்லோரும் திரும்பினார்கள். ஸெனோன் அந்த வெளிறின குட்டைச் செடிகளைப் பார்த்தார். ஆள் உயரக் கலப்புப் பயிரைப் பார்த்தார். இந்த நோஞ்சானுக்கா அத்தனை வருஷம் என்று யாராவது சிரித்துவிட்டால்? அதுவும் இன்னொருத்தன் பொடியை வாங்கித்தான் தலை நிமிர்ந்தது என்று ஊரறிய ஒப்புக்கொள்வதா?

"எனக்குத் தெரியாது. என் கையில இந்த மாதிரி ஒண்ணு வளர்ந்ததே இல்ல."

யாட்விகா பக்கத்தில்தான் நின்றாள். திரும்பி பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். கெர்வாசி தானே குனிந்து, தாய்: எங்கிருந்து வந்தது தெரியாது என்று பலகையில் எழுதினார்.

அறுவடைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஸெனோன் தனியாக பஸ் ஏறி அங்கே போனார். நிலையம் பூட்டியிருந்தது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றார். காவலாளி புதியவன், வெகு நேரமாக நிற்கிற ஆளைப் பார்த்து, என்ன வேண்டும் என்று விசாரித்தான்.

"ஒண்ணும் வேண்டாம்பா. அதோ அந்தக் குட்டை வரிச இருக்குல்ல, அது என்னுது."

காவலாளி திரும்பிப் பலகையை நிதானமாகப் படித்தான்.

"அப்படி ஒண்ணும் எழுதலீங்களே" என்றான்.