நன்னாரி சர்பத்தும் கலர் பிளாங்கும்

கொள்ளுப்பிட்டியில் ஓர் உணவுப் பரிசோதனை லேபில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பு அதற்கும் முன்பே வந்துவிட்டது.

எங்கள் மெஷின் வேலை செய்யும் விதம் இதுதான். லுமினோல் கலவை ஒன்று கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய வெளிச்சம் விடும். உணவில் அன்டிஒக்சிடன்ட் இருந்தால் அது அந்த வெளிச்சத்தை அணைக்கும். மீட்டரில் நம்பர் எவ்வளவு இறங்குகிறதோ, உணவுக்கு அவ்வளவு மார்க்ஸ்.

கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கும் நிஸ்தார் நானா தன் நன்னாரி சர்பத்தைக் கொண்டுவந்தார். பாலில்லாமல் ஊறிப்போன பிளேன்டீயின் நிறம். சாம்பிளை விட்டதும் நம்பர் தொபுக்கென்று விழுந்தது. ரிப்போர்ட்டில் லேபின் பொறுப்பாளர் மேடம் கையெழுத்து வைக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். எனக்கு எங்கே பொறுமை? போனை எடுத்தேன்.

"நானா, உங்கட சர்பத் கிரீன் டீயையே அடிச்சுப்போட்டுது!"

"மாஷா அல்லாஹ்! அப்ப லேபல்ல போட்டுடுறேன் மகள். நாளைக்கே பிரஸ்ஸுக்குக் குடுக்கிறேன்."

மேடம் ரிப்போர்ட்டைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கலர் பிளாங்க் ஓட்டினீரோ?"

ஓட்டவில்லை. சாம்பிளின் நிறம் அளவைக் குழப்புகிறதா என்று பார்க்கும் சோதனை அது. சர்பத்தைக் கலக்காமல் தனி டியூபில் ஊற்றி, வெளிச்சத்துக்கும் மீட்டருக்கும் நடுவில் வைக்கச் சொன்னார். வைத்தேன். நம்பர் அதேபோல் விழுந்தது. சர்பத் எதையும் அணைக்கவில்லை. தன் நிறத்தால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. நான் சொன்ன பொய் இனிப் போத்தல் போத்தலாக ஒட்டப்பட்டுவிடும்.

"போனிலை விட்ட பிழையை நேரிலை போய்த் திருத்தும்" என்றார் மேடம். உடனே பஸ் ஏறினேன்.

நானா லேபல் டிசைனைக் கவுன்டரில் விரித்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு சர்பத் போத்தலை எடுத்து, அதன் பின்னால் என் போன் டோர்ச்சைப் பிடித்தேன். வெளிச்சம் இந்தப் பக்கம் வரவில்லை.

"இதைத்தான் நானா நான் சத்து எண்டு சொல்லிப்போட்டன். பிழை என்ரைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் பேனையை எடுத்து லேபலில் அந்த வரியை வெட்டினார். மூலையில் சாத்தியிருந்த கறுப்புக் குடையைக் காட்டினார்.

"அப்ப அதக் கொண்டாந்திருந்தா நூத்துக்கு நூறு தந்திருப்பீங்க, இல்லையா மகள்?"

ஒரு கிளாஸ் சர்பத்தும் ஊற்றித் தந்தார். அருமையான ருசி. அதை அளக்க எங்களிடம் மெஷின் இல்லை.

இப்போது ரிப்போர்ட்டில் கையெழுத்து வைப்பவள் நான். கலர் பிளாங்க் என்று எங்கள் லேபில் ஒருவரும் சொல்வதில்லை. கடும் நிறத்தில் எந்தச் சாம்பிள் வந்தாலும், போனைத் தொடுவதற்கு முன் ஒரே கேள்விதான்:

"குடை பிடிச்சுப் பாத்தாச்சோ?"