கூட்டத்தோடு சேராத புள்ளி

அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சருக்குக் குரல் மட்டும்தான் பெரிது. வகுப்பில் ஒரு சத்தம் போட்டால் வாசல் காவலாளி வரைக்கும் கேட்கும். தலைமையாசிரியர் எதிரில் வந்துவிட்டாலோ வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். பத்தொன்பது வருடமாக இப்படியே காலத்தை ஓட்டினார், மகராசி.

சிதறல் வரைபடம் நடத்தப் புத்தகத்து எண்களைத் தொடமாட்டார். லீவு போட்ட நாட்கள் கீழ் அச்சில், வாங்கிய மார்க் மேல் அச்சில். பிள்ளைகளே வந்து ஆளுக்கொரு புள்ளியைச் சார்ட்டில் வைக்கவேண்டும். பக்கத்தில் வரிசை எண்ணையும் எழுதச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

புள்ளிகள் இடமிருந்து வலமாக இறங்கின. "லீவு கூடக் கூட மார்க் குறையுது பாருங்க. இது எதிர் ஒட்டுறவு. அதுக்காக லீவுதான் காரணம்னு சொல்லிடக் கூடாது. நிஜக் காரணம் வேற எங்கயாவது ஒளிஞ்சிருக்கும்."

ஒரே ஒரு புள்ளி வலது மேல் மூலையில் தனியாக நின்றது. முப்பத்தெட்டு நாள் லீவு, தொண்ணூற்றொரு மார்க். கடைசி பெஞ்சுக்காரி. "யாருடி இவ, ஊரோட ஒத்துப் போகாதவ?" என்று டீச்சர் கேலி செய்ய, வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஏன் இத்தனை லீவு என்று யாரும் கேட்கவில்லை.

சுற்றி வந்த தலைமையாசிரியர் சார்ட்டைப் பார்த்தார். "வராதவளுக்கு இவ்வளவு மார்க்கா? காப்பிதான். நாளைக்கு என் ரூம்ல திரும்ப எழுதட்டும். தேறலேன்னா பொதுத்தேர்வுக்கு அனுப்ப மாட்டேன்."

மறுநாள் பதினொரு மணிக்கு அவளை உட்கார வைத்தார்கள். மேற்பார்வைக்கு டீச்சர். முதல் இரண்டு கணக்கையும் மளமளவென்று போட்டாள். பிறகு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றரைக்கு எழுந்துவிட்டாள்.

"காலைல இருந்து அம்மாவுக்கு மூச்சு முட்டுது, மிஸ். பன்னெண்டு மணிக்கு ஊசி போடணும், வேற ஆள் இல்ல. இந்த மாதிரி நாள்லதான் நான் லீவு. சாயங்காலம் வந்து மீதிய எழுதட்டுமா?"

டீச்சர், "சார், பாவம் சார்..." என்று தொடங்கினார். தலைமையாசிரியர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். டீச்சர் குனிந்து அவள் விடைத்தாளைத் திருத்த ஆரம்பித்தார்.

"எழுந்து போனா காப்பின்னு எழுதிடுவேன்" என்றார் தலைமையாசிரியர் அவளிடம்.

"எழுதிக்கோங்க சார்." பையை மாட்டிக்கொண்டு அவள் ஓடினாள்.

விடை தெரியாமல் பாதியில் வெளியேறினார் என்று அறிக்கை தயாரானது. கீழே சாட்சிக் கையெழுத்துக்கு இடம். தலைமையாசிரியர் பேனாவை நீட்ட, டீச்சர் வாங்கினார். பாவி, போட்டும் கொடுத்தார். அவள் எழுதிய இரண்டு விடையும் சரி என்று சற்று முன் திருத்திய கையும் அதேதான்.